திராட்சைத் தோட்டத்துக்குச் சுற்றுலா வருகிறார்கள். கொத்து வெட்டுகிறவர்களுக்கு என்ன வருகிறது?

சனி, ஞாயிறு வந்துவிட்டால் தேனி - குமுளி சாலையில் வண்டிகளின் வரிசை நீள்கிறது. தேக்கடிக்குப் படகு ஏறப் போகிறவர்கள், சின்னமனூரில் திரும்பி 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேகமலைக்கு ஏறுகிறவர்கள், சுருளி அருவியில் குளிக்க வருகிறவர்கள் என்று முன்பெல்லாம் மூன்று வகைதான். இப்போது இந்த மூன்று வகையினரும் இடையில் ஓரிடத்தில் இறங்குகிறார்கள். அது திராட்சைத் தோட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை வெளியாள் பந்தலுக்குள் கால் வைத்தால் காவல்காரர் விரட்டுவார். இன்று சாலையோரத்தில் தட்டி வைத்து அழைக்கிறார்கள். சில தோட்டங்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. சில இடங்களில் உள்ளே போவது இலவசம், பழமும் ஜூஸும் வாங்கினால் போதும். தலைக்கு மேலே கறுத்துத் தொங்கும் கொத்துகளுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் ஒரு பழத்தைப் பறித்துவிட்டுப் பெற்றோரைப் பார்க்கிறார்கள். நல்ல காட்சிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு வார இறுதிகளை நாம் கழித்தோம். பழம் பார்க்க அல்ல, பழத்தோடு வேலை செய்கிறவர்களைப் பார்க்க. மலையடிவாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இந்தச் சுற்றுலா வருமானத்தில் சேரிக்கு எவ்வளவு போகிறது என்பதே நம் கேள்வி.

பன்னீர் திராட்சை

கம்பம் பள்ளத்தாக்கின் பழம் பன்னீர் திராட்சை. பன்னீர் வாசமும் விதையும் உள்ள கறுப்புப் பழம். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. மற்ற ஊர்களில் திராட்சைக்கென்று பருவம் உண்டு. இங்கே மண்ணும் தண்ணீரும் மலைக்காற்றும் சேர்ந்து ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். சுற்றுலாவுக்கு இதைவிட வசதி வேண்டுமா? எந்த வாரம் வந்தாலும் எங்கோ ஒரு பந்தலில் பழம் தொங்கும். 2023-ல் இந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பிறகு தட்டிகளில் எல்லாம் 'புவிசார் குறியீடு பெற்ற' என்ற சொற்களும் ஏறிவிட்டன.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் முல்லைப் பெரியாறு வரும், பென்னிகுவிக் வருவார். 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த அணை அது. அதை இந்த மாவட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதே காலத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்கிறவர்கள் குறைவு. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்கீர், பறையர்களின் நிலையைப் பற்றிச் சென்னை அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன்பேரில் 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். மலைமேல் அணைக் கட்டுமானம் பாதியில் நின்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. தண்ணீர் இறங்கி வந்து கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் ஆனது. ஆனால் அந்தத் தண்ணீர் பாயும் வயலில் வேலை செய்தவர்கள் வேலை செய்கிறவர்களாகவே இருந்தார்கள். நெல் போய்ச் சில இடங்களில் திராட்சை வந்தது. அப்போதும் அது மாறவில்லை.

நாம் நுழைந்த தோட்டங்களில் பந்தலுக்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதிப் பெண்கள். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் என்று ஒரு பட்டியல் சாதிக் குடும்பத்தையும் நாம் சந்திக்கவில்லை. குத்தகைக்கு ஒரு ஏக்கர் எடுத்திருக்கும் ஒரு குடும்பத்தைத்தான் பார்த்தோம். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துப் புதிதாகப் பந்தல் போட ஏக்கருக்குப் பல லட்சம் ஆகும். "நட்டு வெச்ச பந்தல எடுத்தாதான் உண்டுங்க. நாமளே நட முடியுமா?" என்றார் அந்தக் குடும்பத்தின் மூத்தவர்.

கை இறங்காத வேலை

பந்தல் ஆளுயரத்துக்குச் சற்று மேலே இருக்கும். வேலை முழுவதும் தலைக்கு மேலேதான். கவாத்து, கொடி கட்டுவது, இலை கிள்ளுவது, கொத்தில் கெட்ட காயைக் கழிப்பது, கடைசியில் வெட்டு. கவாத்து முடிந்து சுமார் நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். அந்த நான்கு மாதமும் யாராவது ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

"காலையில கையத் தூக்குனா சாயங்காலந்தான் தம்பி இறக்குறது. ராத்திரி சோறு பெசையக்கூடத் தோளு வராது" என்றார் ஐம்பதைத் தாண்டிய அக்கா ஒருவர். பதினைந்து வயதில் இந்த வேலைக்கு வந்தவர். அப்போது மூங்கில் கூடையில் அடுக்கினார்கள், இப்போது பிளாஸ்டிக் பெட்டி. வேறென்ன மாறியது என்று கேட்டோம். பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். "இப்போ போட்டோ புடிக்க வர்றாக."

படம் எடுக்க வருகிறவர்கள் இந்தப் பெண்களிடம் மரியாதையாகவே நடந்துகொள்கிறார்கள். "சேச்சி, ஒரு கொத்தைக் கையில் பிடித்து நில்லுங்கள்" என்று மலையாளத்தில் கேட்கிறார்கள். அதே தோட்டத்தில், முதலாளி வீட்டுப் பையன், இருபது வயதுகூட இருக்காது, அந்த அக்காவைப் பெயர் சொல்லி, 'வா, போ' என்று அழைத்ததையும் நாம் கேட்டோம். அவர் அந்தப் பையனை 'சின்ன ஐயா' என்கிறார். சுற்றுலாப் பயணிகளுக்கு இது காதில் விழுந்திருக்கும். புரிந்திருக்காது.

மருந்து விஷயம் இன்னும் கவலைக்குரியது. திராட்சை மழைக்கும் பனிக்கும் அஞ்சும் பயிர். அடிச்சாம்பல் நோய் வந்தால் தோட்டமே போய்விடும் என்பதால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையில் தொடங்கி விதவிதமான மருந்துகளை அடிக்கிறார்கள். அடிக்கிற ஆண்கள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்கிறார்கள். கையுறை, முகமூடி எதையும் நாம் பார்க்கவில்லை. ஒரு தோட்டத்தில் ஒரு பகுதிக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. முந்தைய நாள் மருந்து அடித்திருப்பதால் அங்கே பார்வையாளர்கள் போகக் கூடாது என்றார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்து பெண்கள் இலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கூலியிலும் பழைய கதைதான். ஒரே பந்தலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த ஒரு கூலி. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பந்தலுக்குள் அது இன்னும் வரவில்லை.

தோட்டக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அறுவடை நேரத்தில் ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துப் போகும். 2020 பொது முடக்கத்தில் கேரளச் சந்தை மூடியபோது பழத்தைக் கொடியிலேயே அழுகவிட்டவர்கள் உண்டு. வியாபாரி சொல்வதே விலை என்றிருக்கும் ஊரில், நேரே வந்து காசு கொடுத்து வாங்கும் சுற்றுலாப் பயணி அவர்களுக்கு ஒரு பிடிமானம். அந்தப் பிடிமானம் தோட்டத்தின் வாசலோடு ஏன் நின்றுவிடுகிறது என்றுதான் கேட்கிறோம்.

ஜூஸ் கடையில் யார்?

வருமானம் இருப்பது வாசலில்தான். பழம், ஜூஸ், ஜாம், உலர்திராட்சை. வெயிலில் நடந்து வந்தவர்கள் இரண்டு குவளை ஜூஸாவது குடிக்காமல் போவதில்லை. நாம் போன தோட்டங்கள் எதிலும் அந்தக் கடையில் ஒரு பட்டியல் சாதிப் பெண் நிற்கவில்லை. பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருந்தார்கள்.

ஏன் என்று ஒரு தோட்டக்காரரிடம் கேட்டோம். "அவங்களுக்கு அந்த வேலை பழக்கமில்லீங்க" என்றார். இதையே பெண்களிடம் கேட்டபோது முதலில் யாரும் பேசவில்லை. பிறகு இளம்பெண் ஒருவர், பிளஸ் டூ முடித்தவர், சொன்னார்: "நாங்க புழிஞ்சு குடுத்தா உள்ளூர்க்காரங்க குடிக்க மாட்டாங்களாம் சார். வெளியூர்க்காரங்களுக்கு யாரு என்னன்னு என்ன தெரியும்? ஆனாலும் வேணாம்கிறாங்க."

கொத்தை வெட்டுவது இவர்கள். கெட்ட பழத்தைக் கையால் கழிப்பது இவர்கள். பெட்டியில் அடுக்குவதும் இவர்கள்தான். அதுவரை தீட்டு இல்லை. பழம் நசுங்கிச் சாறாகிக் குவளைக்குள் போகும் நேரத்தில் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததை எதிர்த்துப் போராடிய ஊர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. அங்கே குடிக்கிறவருக்குத் தனிக் குவளை. இங்கே கொடுக்கிறவருக்கு இடமே இல்லை. தீண்டாமையை எந்த வடிவிலும் தடை செய்கிறது அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு. 'பழக்கமில்லை' என்பதும் அதற்குள் வருமா என்று யாராவது வழக்கு போட்டால்தான் தெரியும்.

ஒயின் எங்கே என்கிறார்கள்

கேரளத்திலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வருகிறவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இங்கே ஒயின் இல்லையா? நாசிக்கில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு ஒயினைச் சுவைக்கக் கொடுக்கிறார்கள். நந்திமலை அடிவாரத்திலும் அப்படியே. மகாராஷ்டிரம் 2001-லும் கர்நாடகம் 2007-லும் ஒயினுக்கென்றே கொள்கை வகுத்தன. தமிழகத்தில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் மட்டும். தோட்டத்து வாசலில் ஒயின் விற்றால் அது குற்றம். நம் ஊரிலும் ஒயின் சுற்றுலா வந்தால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வரட்டும், வராமல் போகட்டும். வருவதற்கு முன் தென்னாப்பிரிக்காவை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

உலகின் பெயர்பெற்ற ஒயின் சுற்றுலாக்களில் ஒன்று கேப் டவுன் அருகே உள்ள மலையடிவாரத் தோட்டங்களில் நடக்கிறது. 1971-லேயே அங்கே ஸ்டெல்லன்போஷ் ஊரில் தோட்டம் தோட்டமாகச் சென்று சுவைக்கும் 'ஒயின் பாதை' தொடங்கிவிட்டது. அந்தத் தோட்டங்களை உருவாக்கியது அடிமைகளின் உழைப்பு. டச்சுக்காரர்கள் அங்கே கொண்டுபோன அடிமைகளில் ஆப்பிரிக்கர்களும் இந்தோனேசியத் தீவினரும் இருந்தார்கள். வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை ஆகியவற்றிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் இருந்தார்கள். ஊர்ப்பெயரே அவர்களின் குடும்பப் பெயரானது.

1834-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கூலியின் ஒரு பகுதியைக் காசாகத் தராமல் மட்டமான ஒயினாகவே ஊற்றிக் கொடுக்கும் 'டாப்' முறை அதற்குப் பிறகும் நீடித்தது. 1960-களில் தடை செய்த பின்பும் 1990-கள் வரை பல தோட்டங்களில் அது தொடர்ந்தது. காலையில் ஒரு குவளை, மதியம் ஒரு குவளை, வேலை முடிந்ததும் ஒரு குவளை. குடிநோயும், கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளும் அந்தப் பகுதியை இன்றுவரை விடவில்லை. சுற்றுலாப் பயணி கையில் ஏந்தும் பளிங்குக் குவளைக்குப் பின்னால் இந்தத் தகரக் குவளையும் இருந்தது.

2012 நவம்பரில் அங்கே டி டோர்ன்ஸ் என்ற திராட்சை ஊரில் தொழிலாளர்கள் சாலையை மறித்தார்கள். அப்போது அவர்களின் குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்ட். சில மாதப் போராட்டத்துக்குப் பிறகு 2013 மார்ச் முதல் அது 105 ராண்ட் ஆனது. பிரான்ஷுக் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டம் இன்னொரு வழியில் முயன்றது. அடிமைகளின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகத்தைத் தோட்டத்துக்குள்ளேயே அமைத்தது. தொழிலாளர் குடும்பங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு உரிமையும் கொடுத்தது. பின்னாளில் அந்த நிறுவனம் கடனில் மூழ்கியதால் அந்தப் பங்கு அவர்களுக்குப் பெரிதாகச் சோறு போடவில்லை. ஆனாலும் வருகிற பயணிக்கு, இந்தக் கொடியை நட்டவர் யார் என்று அங்கே சொன்னார்கள். இங்கே தட்டியில் பிரெஞ்சுப் பாதிரியார் இருக்கிறார், பென்னிகுவிக் இருக்கிறார். வெட்டுகிறவர் இல்லை.

நிலம் இல்லாதவரும் கேட்கலாம்

புவிசார் குறியீடு வந்தபோது அது தோட்டக்காரர்களின் சொத்து என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நாம் பேசிய பெண்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. வேளாண் பொருளுக்கு 'உற்பத்தியாளர்' யார் என்று சொல்லும் இடத்தில், விளைவிக்கிறவரோடு, அதைப் பதப்படுத்துகிறவரையும் பொட்டலமிடுகிறவரையும் சட்டம் சேர்க்கிறது. உற்பத்தியாளர் என்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். அதாவது, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து, பழத்தை வாங்கித் தரம் பிரித்துப் பெட்டி கட்டி விற்றால், 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற பெயரில் விற்கும் உரிமையைக் கேட்க அவர்களுக்கும் வழி இருக்கிறது. தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் இதைச் சேரிக்கு வந்து ஒரு முறை சொல்லியிருக்கலாம்.

ஜூஸ், ஜாம் கடை வைப்பதும் எட்டாத காரியம் அல்ல. ஆண்டு விற்றுமுதல் ரூ.12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு ரூ.100. முதலுக்கு தாட்கோவின் முதலமைச்சர் எழுச்சித் திட்டம் இருக்கிறது. 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.3.5 லட்சம் மானியம். ஆனைமலையான்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே திராட்சையைப் பதப்படுத்தும் பயிற்சி நடக்கும்போது, பந்தலில் வேலை செய்யும் பெண்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் கேட்க வேண்டும். கடை போட இடம்? சுருளி அருவிக்கும் லோயர் கேம்ப்புக்கும் போகும் சாலையோரங்களில் ஊராட்சிக்கும் அரசுக்கும் இடம் இருக்கிறது. சுற்றுலாவை வளர்ப்பதாகச் சொல்கிறவர்கள் அதில் நான்கு கடைகளை இந்தக் குழுக்களுக்குக் கொடுக்கட்டும். உள்ளூர்க்காரர் குடிப்பாரா மாட்டாரா என்பதைக் கடை திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிலத்தின் கதை இவ்வளவு சுலபம் இல்லை. நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க 'நன்னிலம்' திட்டத்தில் 50 சதவீதம், அதிகபட்சம் ரூ.5 லட்சம் மானியம் தருகிறார்கள். முத்திரைத் தாள், பதிவுக் கட்டண விலக்கும் உண்டு. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் பாயும் தோட்ட நிலத்தின் விலைக்கு அந்த ரூ.5 லட்சம் எட்டாது. விற்க முன்வரும் தோட்டக்காரர் சேரிப் பெண்ணுக்கு விற்பாரா என்பது அதற்கடுத்த கேள்வி. ஆகவே இருக்கிற நிலத்தைத் தேடுவதும் அவசியம். ஒவ்வொரு ஊரின் 'அ' பதிவேட்டிலும் டி.சி. நிலம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டி யாரும் கேட்கலாம். அந்த நிலம் எந்தப் பந்தலுக்குக் கீழே இருந்தாலும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கியதைப் பிறர் வாங்கியது செல்லாது என்பதுதான் ஒதுக்கீட்டின் நிபந்தனை.

நாம் சந்தித்த பெண்களில் பதினொரு பேர் ஏற்கெனவே மகளிர் குழுவில் இருக்கிறார்கள். வாரச் சேமிப்பு கட்டுகிறார்கள். வாங்கிய கடனை ஆட்டுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் செலவழித்திருக்கிறார்கள். ரூ.100 பதிவுக் கட்டணம் என்று சொன்னபோது நம்பாமல் இரண்டு முறை கேட்டார்கள். பிளஸ் டூ முடித்த அந்தப் பெண் கைப்பேசியில் படிவத்தைத் தேடி எடுத்து மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினார். கடைக்குப் பெயர் என்ன என்று கேட்கும் இடத்தில் சற்று நேரம் வாக்குவாதம். குழுவின் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இப்போது வெட்டு நடக்கிறது, ஆள் விட முடியாது. வெட்டு முடிந்ததும் தேனிக்குப் போய் மனு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.